தங்கவயல் பிள்ளைகளும் ஆங்கிலமும்

பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான கர்நாடக மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் 2025 ஆகஸ்டில் தனது அறிக்கையை அரசிடம் அளித்தது. தொடக்கக் கல்வி கன்னடத்திலோ தாய்மொழியிலோ அமைய வேண்டும் என்பதும், மும்மொழித் திட்டத்துக்கு மாற்றாக இருமொழித் திட்டம் வர வேண்டும் என்பதும் அதன் முக்கியப் பரிந்துரைகள். ஒன்றிய அரசின் 2020 கல்விக் கொள்கை வழியாகப் பின்வாசலில் நுழையப் பார்க்கும் இந்தித் திணிப்புக்கு இது தடை போடுகிறது என்ற வகையில் இடதுசாரிகள் இதனை வரவேற்கவே செய்வார்கள். ஆனால் கோலார் தங்கவயலில் நின்று இதே அறிக்கையைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, மாநிலத்தின் பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டும். மொத்தம் இரண்டு மொழிகள்தான். அவற்றுள் ஒன்று கன்னடம். மற்றொன்று எந்தப் பெற்றோரும் விட்டுக்கொடுக்க முன்வராத ஆங்கிலம். அப்படியானால் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளையின் தாய்மொழிக்கு வகுப்பறையில் இடம் எங்கே?

இதைத் தமிழா கன்னடமா என்ற சண்டையாகச் சுருக்கிவிடப் பலர் காத்திருக்கின்றனர். அந்த வலையில் நமது தோழர்கள் விழக் கூடாது. கேள்வியின் மையத்தில் இருப்பது ஆங்கிலம். யாருக்கு அது கிடைக்கிறது, யாருக்கு அது கிடைத்ததுபோல் காட்டப்படுகிறது, அதற்கு யார் எந்த விலை கொடுக்கிறார்கள் என்பதே நாம் ஆராய வேண்டியது.

தங்கவயலில் ஆங்கிலத்தின் கதை பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை. சுரங்கத்தின் வாயில் தொடங்கியது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளிகள் திரட்டப்பட்டனர். மேலே ஐரோப்பிய அதிகாரி, நடுவில் ஆங்கிலோ இந்தியக் கண்காணிப்பாளர், கீழே தமிழ்த் தொழிலாளி என்று அடுக்கப்பட்ட அந்த உலகத்தில், ஆங்கிலம் கட்டளையின் மொழியாக மேலிருந்து கீழே இறங்கியது. பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்த பகுதியைப் பார்த்தவர்கள் இவ்வூரைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். தட்டி வேய்ந்த லயன் வீடுகளில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தப் பெயரில் பங்கில்லை. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது சுரங்கத்தின் எந்திரங்களுக்காக; லயன்களுக்காக அல்ல. மொழியும் அப்படித்தான் வந்தது.

ஆனாலும் தொழிலாளி ஆங்கிலத்தைக் கற்றார். ஷாஃப்ட், கேஜ், ஸ்டோப், ஷிப்ட், ராக் பர்ஸ்ட் என்று, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உயிர் பிழைக்கத் தேவைப்பட்ட சொற்களையெல்லாம் எந்த ஆசிரியரும் இல்லாமல் கற்றுத் தமிழோடு சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கே போகாத மனிதர் இருட்டில் பாறையின் சத்தத்தைக் கேட்டு, வரப்போவதை ஆங்கிலப் பெயரிட்டு அழைத்துச் சக தொழிலாளியை எச்சரிக்க முடிந்தது. அந்தச் சொல்லின் பொருள் அவருக்குக் கையிலும் காதிலும் இருந்தது. அதே மனிதர், நிர்வாகம் ஆங்கிலத்தில் எழுதி நீட்டிய தாளில் பெருவிரலைப் பதிக்க வேண்டியிருந்தது. பேச்சில் புழங்கிய ஆங்கிலத்துக்கும் காகிதத்தில் ஆண்ட ஆங்கிலத்துக்கும் இடையே இருந்த இந்தப் பிளவைக் கல்வியாளர்களைவிடத் தங்கவயல் தொழிலாளி தெளிவாக அறிந்திருந்தார். 1930-இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தது வெறும் பதிவேட்டுக்கு எதிரான கோபம் மட்டுமல்ல. தன்னைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதைத் தானே படித்தறிய முடியாத நிலைக்கு எதிரான கோபமும் அதில் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். 1946 நவம்பரில் ஆறு தொழிலாளர்களின் உயிரைப் பறித்த அடக்குமுறைக்குப் பின்னும் எழுந்து நின்ற செங்கொடி இயக்கத்துக்கு இரண்டு மொழிகளும் வேண்டியிருந்தன. தொழிலாளியிடம் பேசத் தமிழ். நிர்வாகத்திடமும் நடுவர் மன்றத்திடமும் வாதாட ஆங்கிலம்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1956-இல் மைசூர் அரசு தேசியமயமாக்கி, 1962-இல் ஒன்றிய அரசு ஏற்று, 1972-இல் பொதுத்துறை நிறுவனமாக அமைக்கப்பட்ட ஒரு தொழில், இலாபமில்லை என்ற ஒற்றைச் சொல்லில் முடிக்கப்பட்டது. சுரங்கத்தோடு மருத்துவமனை போயிற்று. குடியிருப்புகளின் பராமரிப்பு போயிற்று. தந்தை செய்த வேலை மகனுக்கு என்ற நம்பிக்கையும் போயிற்று. எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஓடும் இரயில்களும். விடியுமுன் அந்த இரயில்களில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களுமே இன்றைய தங்கவயல்.

சுரங்கம் தொழிலாளியிடம் ஆங்கிலம் கேட்கவில்லை, தோள்வலிமையைக் கேட்டது. பெங்களூரு முதலில் ஆங்கிலத்தைக் கேட்கிறது. ஒரே தெருவில் பிறந்து ஒரே பட்டம் பெற்ற இருவரில், ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுபவர் கணினியின் முன் அமர்கிறார். பேசத் தயங்குபவர் அதே கட்டடத்தின் வாயிலில் காவலராக நிற்கிறார், அல்லது தரையைத் துடைக்கும் ஒப்பந்தத்தில் சேர்கிறார். ஆகவே ஒரு தாய் தன் ஒப்பந்தக் கூலியில் பாதியைத் தெருமுனையில் உள்ள 'இங்கிலீஷ் மீடியம்' பள்ளிக்குக் கொண்டுபோய்க் கட்டும்போது, அவரை ஆங்கில மோகம் பிடித்தவர் என்று ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. மேடையில் தாய்மொழிப் பெருமை பேசிவிட்டுத் தம் பிள்ளைகளை நாட்டின் மிக உயர்ந்த ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்புவோருக்கு அந்த உரிமை நிச்சயமாக இல்லை. அந்தத் தாயின் கணக்கு சரியானது. அவருக்கு விற்கப்படும் சரக்குதான் போலியானது.

ஆங்கிலத்தைக் கற்பது வேறு; எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியே கற்பது வேறு. இந்த வேறுபாட்டை மறைப்பதில்தான் கல்வி வணிகத்தின் இலாபம் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாமே தயங்கிப் பேசும், மிகக் குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியை, ஆங்கிலம் காதில் விழாத வீட்டிலிருந்து வரும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கணக்கையும் சூழ்நிலையியலையும் ஆங்கிலப் பாடநூலிலிருந்து நடத்துகிறார். கரும்பலகையில் உள்ளது நோட்டுக்கு வருகிறது. நோட்டில் உள்ளது மனப்பாடமாகிறது. மனப்பாடமானது தேர்வுத் தாளில் கொட்டப்படுகிறது. ஒரு கூடையில் பன்னிரண்டு பழங்கள் இருந்தன, ஐந்து அழுகிவிட்டன என்ற கணக்கில் குழந்தை தவறுவது கழித்தலில் அல்ல; அழுகுதல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில். ஆனால் மதிப்பெண் பட்டியல் அக்குழந்தைக்குக் கணக்கு வராது என்று எழுதிவிடுகிறது. நாடு முழுவதும் கிராமப்புறங்களில் நடத்தப்படும் அசர் ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் மட்டுமே எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தது என்பது 2016-லும் 2022-லும் மாறாத உண்மை. ஆறு ஆண்டுகளில் எத்தனை பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் ஆங்கில வழிக்கு மாறின! வாசிப்பு மாறவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிவு செய்தோர் இந்தியாவில் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். இரண்டாம், மூன்றாம் மொழியாக அறிந்தோரையும் சேர்த்தால் ஏறத்தாழ 13 கோடி. அதாவது பத்தில் ஒருவருக்குச் சற்றே அதிகம். மீதி ஒன்பது பேரையும் நீதிமன்றமும் உயர்கல்வியும் நல்ல வேலையும் ஆங்கிலத்தில்தான் சந்திக்கின்றன. இலங்கையில் சிங்களப் பேச்சுவழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று ஒரு பெயர் உண்டு; வாள் என்று பொருள். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்து ஆங்கிலத்தை இறக்குகிறோம் என்றார்கள். தமிழரை வெளியே தள்ளியது அந்தச் சட்டம். வாளோ கொழும்பின் மேட்டுக்குடியினர் கையிலேயே இருந்தது. மொழிவெறி தன் சொந்த மொழி பேசும் ஏழைக்கும் எதையும் கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். மலேசியா 2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியது. அந்நாட்டின் தமிழ்ப் பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. கிராமப்புறப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற குரல் வலுத்ததும், 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவை அரசு அறிவித்தது. ருவாண்டா 2008-இல், பிரெஞ்சில் படித்துப் பிரெஞ்சில் கற்பித்துவந்த ஆசிரியர்களை ஏறத்தாழ ஒரே வீச்சில் ஆங்கிலத்துக்கு மாறச் சொன்னது. தான்சானியாவில் தொடக்கப் பள்ளி முழுவதும் சுவாகிலியில் படித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் முதல் நாளில் ஆங்கிலப் பாடநூலைச் சந்திக்கிறது. அந்த வாசலிலேயே ஏராளமானோர் தடுக்கி விழுகிறார்கள். வளரும் நாடுகளில் ஆங்கிலம் கற்பித்தல் ஓர் உலகச் சந்தை. பாடநூல், தேர்வு, பயிற்சி, சான்றிதழ் என்று அதன் இலாபம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ராபர்ட் ஃபிலிப்சன் தமது மொழி ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் 1992-இலேயே எடுத்துக்காட்டினார். வேடிக்கை என்னவென்றால், கல்விச் செலவை வெட்டு, தனியாருக்கு வழிவிடு என்று இந்நாடுகளுக்குப் பாடம் நடத்திய உலக வங்கியே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் மாணவர்களில் 37 சதவீதம் பேர் தமக்கு நன்கு புரியும் மொழியில் கற்பிக்கப்படவில்லை என்று வருந்துகிறது.

இங்கே ஒரு கடினமான வாதத்தை நாம் நேராகச் சந்திக்க வேண்டும். தாய்மொழிவழிக் கல்வி என்பது ஒடுக்கப்பட்டோரை இருந்த இடத்திலேயே இருத்திவைக்கும் சூழ்ச்சி என்று தலித் அறிவாளர் பலர் சொல்கின்றனர். இதை அலட்சியமாக ஒதுக்குவது நேர்மையாகாது. சாவித்திரிபாய் புலே ஆங்கிலம் கற்கும்படி ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்தது 19-ஆம் நூற்றாண்டில். அன்று வட்டார மொழிப் பாடசாலையின் திண்ணையில்கூட அம்மக்களுக்கு இடமில்லை. பெரும்பான்மைத் தொழிலாளர்கள் தலித்துகளாக இருந்த தங்கவயலில், சாதிப் பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒரு வேலைக்கும் வெளியுலகுக்கும் ஆங்கிலம் கதவு திறந்தது உண்மை. அவர்களது பேரப்பிள்ளைகளிடம் போய், உங்களுக்கு ஆங்கிலம் வேண்டாம், தாய்மொழி போதும் என்று சொல்லும் கட்சியை அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தில் 1980-களின் தொடக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலப் பாடம் விலக்கப்பட்டது. கல்வியியல் காரணங்கள் அதற்கு இருந்தன. ஆனால் வசதி படைத்தோரின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டே இருக்க, உழைப்பாளிக் குடும்பங்கள் அதனைத் தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றாகவே உணர்ந்தன. 1990-களின் இறுதியிலிருந்து இடது முன்னணி அரசே படிப்படியாக ஆங்கிலத்தைத் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. தனியார் சந்தையைத் தொடாமல் பொதுப் பள்ளியில் மட்டும் மொழிக் கொள்கையை மாற்றினால் அது பொதுப் பள்ளியைத்தான் காலி செய்யும் என்பதை அந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன.

கர்நாடகத்தின் சட்டப் போராட்டமும் இதே இடத்தில்தான் முட்டி நின்றது. 1982-இல் கோகக் அறிக்கையை ஒட்டி எழுந்த கிளர்ச்சியின் நினைவு தங்கவயல் தமிழர்களிடையே இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது. 1994-இல் மாநில அரசு, முதல் நான்கு வகுப்புகள் தாய்மொழியிலோ கன்னடத்திலோ மட்டுமே நடத்தப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் வழக்காடின. 2008-இல் உயர் நீதிமன்றமும் 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், தனியார் பள்ளிகள் மீது தாய்மொழியைத் திணிக்க முடியாது என்று தீர்ப்பளித்தன. தேர்வு செய்யும் சுதந்திரம் என்று தீர்ப்பு பேசுகிறது. பணம் உள்ளவரின் தேர்வுக்கு அது பாதுகாப்பு. இல்லாதவருக்குத் தேர்வே இல்லை. இதன் பின் 2019-இல் கூட்டணி அரசு ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தது. மாணவர் எண்ணிக்கையைக் காப்பாற்றும் அவசரம் அதில் தெரிந்தது. ஆசிரியர்களைத் தயார் செய்யும் பொறுமை தெரியவில்லை. ஏறத்தாழ அதே நேரத்தில், அரசுப் பள்ளி அருகில் உள்ள இடங்களில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச ஒதுக்கீடும் விதித் திருத்தத்தின் மூலம் சுருக்கப்பட்டது. ஏழைக்கு ஒரு கதவை மூடும்போது மற்றொரு கதவையேனும் சரியாகத் திறந்திருக்க வேண்டும்.

1914-இல் கட்டாய அரசு மொழி தேவையா என்ற விவாதத்தில் லெனின் எடுத்த நிலை நமது தோழர்கள் மீண்டும் படிக்கத் தக்கது. பொருளாதார வாழ்க்கையின் தேவைகளே மக்களைப் பொதுவான மொழியைக் கற்கத் தூண்டும். கட்டாயம் வெறுப்பை மட்டுமே விளைவிக்கும் என்பது அவரது வாதத்தின் சாரம். ரஷ்ய மொழியின் மேன்மையை அவர் மறுக்கவில்லை, தடியைத்தான் மறுத்தார். இந்த அளவுகோல் தங்கவயலில் இரு பக்கமும் பொருந்தும். கன்னடத்தைத் தண்டனைபோல் திணிப்பது தவறு. அதே சமயம், கன்னடத்தைத் தவிர்ப்பதற்கான குறுக்குவழியாக ஆங்கில வழியைத் தேர்ந்தெடுக்கும் போக்கு நம் மக்களில் ஒரு பகுதியிடம் உள்ளது. அதையும் நாம் வெளிப்படையாக விமர்சிக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் பெங்களூரின் ஆலை வாயிலிலும் கன்னடமின்றி உழைப்பாளிக்கு நியாயம் கிடைப்பது அரிது. கன்னடத் தொழிலாளியோடு தோள் சேர்ந்து நிற்கும் மொழியும் அதுவே. தங்கவயல் பிள்ளை மூன்று மொழிகளோடு வாழப் பிறந்தது. தெருவில் அது ஏற்கெனவே மூன்றையும் கலந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வளத்தைப் பள்ளி பாரமாக மாற்றுவதுதான் கொடுமை.

ஆகவே நமது கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதியை ஏற்படுத்தும் பொறுப்பை மாநிலங்கள் மீது வைக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. தமிழ் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று தமிழ்ப் பிரிவை மூடுவது இப்பிரிவுகளைக் கேலிக்கூத்தாக்குவதாகும். எண்ணும் எழுத்தும் தமிழில் ஊன்றட்டும். முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் காதுக்கும் நாவுக்கும் பழகும் மொழியாக, பாட்டாக, விளையாட்டாக, கதையாக வரட்டும். எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்யும் சடங்காக அல்ல. கன்னடமும் அதேபோல் வரட்டும். அடித்தளம் உறுதிப்பட்டபின் அறிவியல், கணிதத்தின் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால், உயர்கல்வியின் வாசலில் தான்சானியப் பிள்ளைக்கு நேர்வது நம் பிள்ளைக்கு நேராது. இருமொழித் திட்டம் சட்டமாகும்போது, மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் தாய்மொழியும் கன்னடமும் ஆங்கிலமும் மூன்றும் கற்க வகை செய்யும் விலக்கு அதில் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இது செலவில்லாமல் நடக்காது. ஆங்கிலத்தை நன்கு கற்பிக்க ஆங்கிலம் பேசத் தெரிந்த, நிரந்தர ஊதியம் பெறும் ஆசிரியர் வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலக் கற்பித்தலில் பயிற்சி அளிக்கவென்றே பெங்களூரில் 1963 முதல் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் இயங்குகிறது. தங்கவயலின் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் அங்கே போய்வர மாநில அரசு ஏற்பாடு செய்வதில் என்ன தடை இருக்கிறது? தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவும், அருகமைப் பொதுப் பள்ளி முறையை ஏற்கவும் கோத்தாரி கமிஷன் 1966-இல் பரிந்துரைத்தது. கேரளத்தில் 2016-க்குப் பின் பொதுக்கல்வியைப் பாதுகாக்கும் இயக்கத்தை இடதுசாரி அரசு நடத்தியபோது, தனியார் பள்ளிகளை விட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்குத் திரும்பினர். அங்கும் ஆங்கில வழிப் பிரிவுகள் வளர்வது பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கட்டடமும் ஆசிரியரும் நூலகமும் வந்தால் பெற்றோர் வருவர் என்பது அங்கே மெய்ப்பட்டது.

தங்கவயலின் கட்சிக் கிளைகள் அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பகுதிகளில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் எத்தனை தமிழ், கன்னட, ஆங்கில ஆசிரியர் பணியிடங்கள் உள்ளன, எத்தனை காலி, எந்தப் பிரிவு எந்த ஆண்டில் மூடப்பட்டது என்ற பட்டியலை வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் சென்று திரட்ட வேண்டும். தனியார் பள்ளிகள் வாங்கும் கட்டணத்தையும், அங்கே பணிபுரியும் ஆசிரியைகளுக்குக் கொடுக்கப்படும் ஊதியத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்த ஆசிரியைகளும் நாம் திரட்ட வேண்டிய தொழிலாளர்களே. வாலிபர், மாணவர் அமைப்புத் தோழர்களில் பெங்களூர் சென்று வேலை செய்து ஆங்கிலமும் கன்னடமும் பழகியோர் பலர் உள்ளனர். விடுமுறை நாட்களில் லயன்களில் மாலை வகுப்பு நடத்த அவர்களைக் கேட்க வேண்டும். திரட்டிய பட்டியலோடு மாவட்டக் கல்வி அதிகாரியையும் சட்டமன்ற உறுப்பினரையும் பெற்றோரே நேரில் சந்திக்கட்டும். அந்த மனு தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கையொப்பமிடும் ஒவ்வொருவருக்கும் அதை முதலில் தமிழில் படித்துக் காட்டிய பிறகு.